மலைக்கு ஏற்றும் முன்: அவசர சிகிச்சை ஆய்வுகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலிருந்து ஒரு நோயாளியை ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்பினால், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவும், பலாப் பருவத்தில் பர்லியாறு அருகே சாலையைக் கடக்கும் யானைகளும் சேர்ந்துகொள்ளும். மருத்துவமனையை அடையும் முன் தரப்படும் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சாலையில் நடந்தவை அல்ல. நீலகிரியில் பணிபுரியும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் 108 வண்டியின் மருத்துவ உதவியாளர்களும் அவற்றைப் படிக்கையில் எளிதில் நேரக்கூடிய சில தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

முதலாவதும் பெரியதுமான தவறு, ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் சேர்க்கப்பட்ட நோயாளிகள் எவ்வளவு நேரம் வண்டியில் இருந்தார்கள் என்பதைப் பாராமல் விடுவது. படுகாயத்தால் ரத்தம் இழந்தவர்களுக்கு வழியிலேயே பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றினால் பயன் உண்டா என்று ஆராய்ந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள் 2018-இல் வெளியாயின. ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்ட 501 பேரை ஆராய்ந்த பாம்பர் ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தோர் 33 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 23 விழுக்காடாகக் குறைந்தனர். டென்வர் நகரில், மருத்துவமனைக்கு மிக அருகிலேயே ஓடும் ஆம்புலன்ஸ்களில் நடந்த காம்பேட் ஆய்விலோ எந்தப் பயனும் தென்படவில்லை. இரண்டின் தரவுகளையும் ஒன்றுசேர்த்து 2020-இல் பார்த்தபோதுதான், பயண நேரம் 20 நிமிடத்தைத் தாண்டியவர்களுக்கே பிளாஸ்மா உதவியது என்பது தெரிந்தது. ஊட்டியில் கிளம்பிய வண்டி 20 நிமிடத்தில் குன்னூரைக்கூட எட்டாது. நம் வண்டிகளில் பிளாஸ்மாவைப் பாதுகாத்து வைத்திருப்பது எளிதன்று என்பதால் நாளையே இதைத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டென்வரின் முடிவு கோத்தகிரிக்குப் பொருந்தாமல் போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மாரடைப்பில் இதே தவறு வேறு உருவில் வருகிறது. அடைபட்ட ரத்தக்குழாயை உடனே பலூன் வைத்துத் திறப்பதே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ‘உடனே’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடாமலேயே நோயாளியைக் கீழே அனுப்புவது சரியன்று. இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் சிகிச்சை கிடைக்காது என்றால், தடை ஏதும் இல்லாதவர்களுக்கு முதலில் ஊசி போட வேண்டும் என்றே வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 2013-இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வில், வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் ஊசி பெற்றுப் பிறகு இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனைக்குச் சென்றவர்களின் நிலை, நேரடியாகப் பலூன் சிகிச்சை பெற்றவர்களின் நிலைக்கு ஏறக்குறைய இணையாகவே இருந்தது. மூளையில் ரத்தக்கசிவு ஊசி பெற்றவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்ததால், 75 வயதை எட்டியவர்களுக்கு மருந்தின் அளவு இடையிலேயே பாதியாகக் குறைக்கப்பட்டது. முடிவுரையை மட்டும் படிப்பவருக்கு இது தெரியாமலே போகும். அயல்நாட்டு ஆய்வுகளை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, தமிழ்நாட்டிலேயே 2,420 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வை மறந்துவிடுவதுண்டு என்பது எனக்கு வருத்தம் தருகிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்து ஒழுங்குபடுத்திய பின், ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்ததாக அது காட்டியது. அந்த ஏற்பாட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த நிலையை ஒப்பிட்ட, அதனால் சற்று வலுக் குறைந்த ஆய்வுதான் என்றாலும், நம் சாலைகளுக்கும் நம் மருத்துவமனைகளுக்கும் நெருக்கமானது அதுவே.

அடுத்த தவறு, கடிகாரத்தை எங்கிருந்து ஓடவிடுவது என்பதில் உள்ளது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சமிக் அமிலத்தை 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த க்ராஷ்-2 ஆய்வு 2010-இல் வெளியானது. மறு ஆண்டு வந்த பகுப்பாய்வின்படி, காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால் ரத்தப்போக்கால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று மணி நேரத்துக்குப் பின் கொடுத்தாலோ அந்த வாய்ப்பு கூடவே செய்கிறது. இந்த மூன்று மணி நேரம் காயம்பட்ட நொடியிலிருந்து தொடங்குவது. மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படும் வருகை நேரத்திலிருந்து அல்ல. காலை ஏழு மணிக்குத் தேயிலைச் சரிவில் விழுந்த ஒரு தொழிலாளி, லயன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புக்கு) தூக்கிவரப்பட்டு, எஸ்டேட் மருந்தகம் போய், பத்தரை மணிக்கு ஊட்டி வந்து சேர்ந்தால் அந்தக் காலக்கெடு முடிந்துவிட்டது. காயம்பட்ட நேரத்தைக் கேட்டு முதல் சீட்டிலேயே எழுதிவைப்பது எந்தக் கருவியும் தேவைப்படாத வேலை.

உயிர் பிழைத்தார் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவதும் தவறு. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன 8,014 பேரிடம் இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கத் தரப்படும் அட்ரினலின் மருந்தைப் பிரிட்டனில் சோதித்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாட்கள் கடந்து உயிரோடிருந்தோர் 2.4 விழுக்காட்டிலிருந்து 3.2 விழுக்காடாகக் கூடினர். ஆனால் மூளை நலத்தோடு மீண்டவர்களின் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு இல்லை. கூடுதலாக ஓர் உயிரைக் காக்க 112 பேருக்கு அட்ரினலின் தர வேண்டும் என்றும், அருகில் இருப்பவரே மார்பை அழுத்தத் தொடங்கினால் 15 பேருக்கு ஓர் உயிர் தேறும் என்றும் அந்த ஆய்வாளர்களே ஒப்பிட்டுள்ளனர். வண்டி வந்துசேரத் தாமதமாகும் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

பாம்புக்கடி ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகப் பார்ப்பதும் ஆபத்தானது. நாம் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் குழிவிரியன்களின் விஷத்தை அது முறிப்பதில்லை. சமவெளி ஆய்வின் மருந்தளவை அப்படியே பின்பற்றுமுன் கடித்தது எது என்பதை அறிய முயல வேண்டும். அதற்காகப் பாம்பைத் தேடியடிக்க வேண்டாம். எட்ட நின்று எடுத்த ஒரு படம் போதும்.

கடைசியாக, ஆய்வில் இடம்பெறாதவர்களை மறந்துவிடும் தவறு. வட அமெரிக்காவில் 146 ஆம்புலன்ஸ் அமைப்புகள் கொண்டுவந்த 3,656 காயமுற்றோரை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, பயண நேரத்துக்கும் இறப்புக்கும் தொடர்பு காணவில்லை. அதைக் கொண்டு, மலைப்பாதையில் தாமதம் பொருட்டல்ல என்று வாதிடுவது பொருந்தாது. வண்டி வரும் முன்பே பந்தலூரின் ஒரு சரிவில் இறந்துபோனவர் எந்த மருத்துவமனைப் பதிவிலும் சேர்வதில்லை. எஸ்டேட் மருந்தகத்தின் குறிப்பேட்டிலும் காவல் நிலைய ஆவணத்திலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும்தான் அவர் இருக்கிறார். இந்த மலையின் அவசர சிகிச்சையை ஆராய விரும்பும் மாணவர்கள் மருத்துவமனைப் பதிவோடு அந்த மூன்றையும் சேர்த்தே திறக்க வேண்டும்.