போன்சாய்த் தொட்டிக்கு நிறம் பார்ப்பது எப்படி? ரவிக்கைத் துணி போதும்

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்தான் போன்சாய். என் காகிதப்பூ போன்சாய்க்கு அரக்குச் சிவப்பில், கண்ணாடிபோல் பளபளக்கும் கிளேஸ் பூச்சுள்ள ஒரு தொட்டி வாங்கினேன். கார்த்திகை மழையில், பச்சை இலையோடு அவ்வளவு அழகு. மாசியில் ராணி கலரில் பூத்ததும் பூ எது, தொட்டி எதென்று பிரிக்க முடியவில்லை. பொறுக்காமல் பூவோடு பூவாகத் தொட்டியை மாற்றினேன். காகிதப்பூவுக்கு வேர் சட்டென முறியும். ஒரே வாரத்தில் அத்தனை பூவும் கொட்டி, ஒரு கிளையும் காய்ந்துபோனது. அதற்குப் பிறகு நான் செய்துவரும் முறை இது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

பருவத்துக்கு ஒரு தொட்டி மாற்ற முடியாது, வேர் தாங்காது. அதனால் மரம் எந்த மாதத்தில் தன் முழு அழகில் நிற்கிறதோ, அந்த மாதத்துக்குத்தான் நிறம். ஜப்பானியப் படங்களில் மேப்பிள் இலை சிவக்கும் காலத்தைப் பார்த்து நாம் முடிவெடுக்கக் கூடாது. காரைக்குடிப் பக்கம் அரச மரம் இலை கொட்டிச் செம்புத் தளிர் விடுவது பங்குனியை ஒட்டித்தான்.

2. துணி கட்டிப் பாருங்கள்

விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். பூ, கட்டம் எதுவும் இல்லாத ஒற்றை நிறமாக எடுங்கள். நிறத்தைப் பார்க்க போன் செயலிகளை நான் நம்புவதில்லை, திரையில் தெரியும் நீலம் வேறு, கையில் வரும் தொட்டியின் நீலம் வேறு.

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதலில் மரம் இருந்த தொட்டிமேல் துணியை அப்படியே போர்த்திப் பார்த்தேன். எல்லா நிறமும் மரத்தை அமுக்கியது. தொட்டியின் உயரம் இரண்டு அங்குலம் என்றால் துணியையும் சரியாக இரண்டு அங்குலப் பட்டையாக மடித்து, சுற்றிக் கட்டி ஊசி குத்த வேண்டும். அப்புறம் முற்றத்தில் வைத்துக் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பாருங்கள். உச்சி வெயிலில் எல்லா நிறமும் வெளுத்துத் தெரியும். துணிக்குப் பளபளப்பு கிடையாது, கிளேஸுக்கு உண்டு. அதனால் துணியில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி மங்கலான தொட்டியாக வாங்குங்கள்.

பின்னணியும் முக்கியம். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை மேல் வைத்தால் கண் தரைக்குத்தான் போகும். ஒரு பழைய தேக்குப் பலகை மேல், வெள்ளைச் சுவரை ஒட்டி வையுங்கள்.

3. மரத்துக்கு ஏற்ற நிறம்

அரசுக்கு ஆழ்ந்த நீலம். செம்புத் தளிருக்கு நீலம் நேர் எதிர் நிறம் என்பதால் தளிர் எடுப்பாகத் தெரியும், இலை பச்சையான பிறகும் உறுத்தாது. ராணி கலர் காகிதப்பூவுக்குச் சாம்பல் பச்சை. ஆலுக்கும் புளிக்கும் கிளேஸே வேண்டாம், மானாமதுரைச் சுட்டமண் போதும். ஜப்பானில் பைன் மரத்துக்குக் கிளேஸ் பூசாத பழுப்புத் தொட்டி வைப்பதும் இதே கணக்குதான்: முதிர்ந்த பட்டையும் திரண்ட வேரும்தான் அங்கே அழகு, பளபளப்பு அதை மறைக்கும். எனாமல் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள், ஒரு மழைக்கு உரிந்துவிடும்.

வாங்கியதும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். காகிதப்பூவென்றால் பூ முடிந்து, கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பிறகு மாற்றுங்கள்.

பிற்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர், கருநீலத் தொட்டி சித்திரையில் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்று எழுதியிருந்தார். உண்மை. அடர் நிறம் வெயிலை அதிகம் இழுக்கும், தொட்டியோ ஆழமில்லாதது, வேர் வெந்துவிடும். என் அரச மரத்தைச் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பகல் பதினொரு மணிக்கு மேல் வளவுத் தாழ்வாரத்து நிழலுக்கு நகர்த்திவிடுகிறேன். நகர்த்த இடமில்லை என்றால் நீலத்தை விட்டுவிட்டு வெளிர் சாம்பல் தொட்டி வாங்குங்கள்.

இன்னொருவர் சுட்டமண்ணில் வெள்ளை படிகிறது என்றார். அது போர்வெல் தண்ணீரின் உப்பு. தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, மண்ணில் படாமல் வெளிப்புறம் மட்டும் தேங்காய் நாரால் தேயுங்கள், போய்விடும்.