வறண்ட நிலத்தில் தேனீக்களுக்கான தோட்டம்

கடும் வெயில் தணிந்து மழை தொடங்கும் தருவாயில் நட்டால், அடுத்த கோடைக்குள் செடிகளின் வேர் ஆழமாக இறங்கிவிடும். ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடுவது தேனீயின் இயல்பு என்பதால், துளசி, சூரியகாந்தி போன்றவற்றைச் சிதறவிடாமல் கொத்துக்கொத்தாக நட வேண்டும். தேனீக்களுக்குப் பூ வேண்டும் என்பதால், துளசியின் பூக்கதிரைக் கிள்ளிவிடும் பழக்கத்தை இங்கே கைவிடுவதே நல்லது. தூரைச் சுற்றி 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்குச் சருகு மூடாக்கு இடலாம்; ஆனால் மண்ணில் வளை தோண்டி வாழும் தனித் தேனீக்களுக்காக ஒரு மூலையை வெறுந்தரையாகவே விட்டுவைக்க வேண்டும். அகலமான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றின் தலை நனையாத அளவுக்கு நீர் ஊற்றி நிழலில் வைத்தால், தேனீக்கள் மூழ்காமல் கல்லின் மேல் நின்று குடிக்கும். நிழலில் இருந்தாலும் வெப்பத்தால் தட்டு விரைவில் வற்றிவிடுமாதலால், நாள்தோறும் காலையில் நீரை மாற்றுவது அவசியம்.