அடிமை முறை பத்தி அமெரிக்காவுல ரபிக்கள் (யூத மத குருமாருங்க) மோதிக்கிட்டத பிள்ளைங்களோட எப்படிப் படிக்கலாம்

சிங்கப்பூர்ல சிசில, அதாவது சமூக மன்றத்துல, வாசிப்பு வட்டம் நடத்துறவங்க, செகண்டரி பிள்ளைங்கள விவாதப் போட்டிக்குத் தயார் பண்றவங்க எல்லாரும் இத ஒரு தடவ எடுத்துப் பாருங்க.

முதல்ல நிலவரத்த சொல்லிடுங்க. 1861 ஜனவரி 4, அமெரிக்காவுல அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்க நாட்ட விட்டுப் பிரிய ஆரம்பிச்சாச்சு, அதிபர் பியூகேனன் நாடே நோன்பிருந்து ஜெபம் பண்ணணும்னு சொன்ன நாள், அன்னிக்கு நியூயார்க்ல மோரிஸ் ரஃபால்னு பேர் பெற்ற ரபி, அடிமை வெச்சிருக்கிறது பாவம்னு வேதம் எங்கயும் சொல்லலன்னு பிரசங்கம் பண்ணிட்டாரு.

உடனே அவர் கெட்டவர்னு முடிவு கட்ட விடாதீங்க, வசனத்த பிள்ளைங்களே வாசிக்கட்டும். லேவியராகமம் 25:44-46 எடுத்தா சுத்தியிருக்கிற ஜனங்ககிட்ட அடிமை வாங்கலாம்னுதான் இருக்கு. அப்புறம் யாத்திராகமம் 21:16, மனுஷன திருடி வித்தா மரண தண்டனை. அதே அதிகாரத்துல 26, 27, அடிச்சு கண்ணோ பல்லோ போச்சுன்னா அடிமைய விட்டுடணும். உபாகமம் 23:15, தப்பி வந்தவன திருப்பி ஒப்படைக்கக் கூடாது, ஆனா அமெரிக்காவுல 1850 சட்டம் தப்பி ஓடுனவங்கள பிடிச்சுக் குடுக்கணும்னு சொல்லுச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க, பிள்ளைங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க.

ஒண்ணு கண்டிப்பா மறக்காதீங்க. ரஃபாலே அதே பிரசங்கத்துல, வேதத்துல அடிமை உரிமை உள்ள ஒரு ஆளு, தெற்குல அவன ஒரு பொருளா ஆக்கிட்டாங்கன்னு சொல்லியிருக்காரு. எதிர்த்தரப்போட பேச்ச கடைசி வரைக்கும் படிக்கணும்னு நான் இவ்ளோ அழுத்திச் சொல்றது இதுக்குத்தான், அவங்க வாதத்த உடைக்கிற இடம் பல நேரம் அவங்க பேச்சுக்குள்ளயே கிடக்கும்.

பதில் சொன்னவங்கள்ல மைக்கேல் ஹைல்ப்ரின் அதே மாசம் நியூயார்க் ட்ரிபியூன் பேப்பர்ல எழுதுனாரு, அவர் ரபி இல்ல, படிச்ச மனுஷன். ஆனா நேரம் அதிகம் குடுக்க வேண்டியது ரபி டேவிட் ஐன்ஹார்னுக்கு. அவர் இருந்த பால்டிமோர் அடிமை முறை சட்டப்படி நடந்த மேரிலாந்துல இருக்கு, அங்க இருந்துகிட்டே தன்னோட ஜெர்மன் மாத இதழ்ல, கடவுள் சாயல்ல படைச்ச மனுஷன விக்கிறத வேதத்தோட ஆவி ஏத்துக்காது, பல மனைவி கட்டுறதயும்தான் வேதம் அந்தக் காலத்துல பொறுத்துக்கிச்சுன்னு எழுதுனாரு. ஏப்ரல்ல ஊர்ல கலவரம், குடும்பத்தோட பிலடெல்பியாவுக்குப் போக வேண்டியதாயிடுச்சு. எனக்கு இவர்மேல தனி மரியாதை.

ரெண்டே கட்சின்னு பிரிச்சிடாதீங்க, சின்சினாட்டி ரபி ஐசக் மேயர் வைஸ் ரஃபால ஒத்துக்கல, அதே சமயம் அடிமை ஒழிப்பு பேசுன பாதிரிமாரையும் கடுமையா தாக்குனாரு.

வாட்டர்லூ ஸ்திரீட்ல 1878லேருந்து இருக்கிற மகைன் அபோத் யூதத் தொழுகைக்கூடத்த வெளியில இருந்தாவது காட்டுங்க, உள்ள போகணும்னா முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

யாராச்சும் ஒரு பிள்ள, சோழர் காலத்துல கோயிலுக்கு ஆளுங்கள வித்த கல்வெட்டு இருக்கேன்னு கேக்கும். அந்தக் கேள்வியத் தள்ளி விடாதீங்க, அடுத்த வாரத்துக்கு அதையே எடுத்துக்கோங்க.