தொற்றுக் காலத்தில் தீம் பார்க் போகலாமா? வீட்டோடு உட்கார்ந்து முடிவெடுக்கும் முறை

பார்க்கைத் திறந்துவிட்டார்கள் என்பது ஒரு சேதி, நம் வீடு கிளம்பத் தயார் என்பது வேறு சேதி. கொரோனா காலத்தில் நம் பக்கம் பலர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். 2020 நவம்பரில் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு அனுமதி வந்ததும் "அதான் தொறந்துட்டாங்கல்லங்க, இனி என்ன" என்று வேன் பேசப் போனவர்கள் உண்டு. அடுத்த வருடம் மே கடைசியில் தினசரிப் பாதிப்பில் கோவை மாவட்டம் சென்னையையே முந்திவிட்டது. அந்த வேன்களால்தான் என்று சொல்ல வரவில்லை, நடுவில் எத்தனையோ நடந்தது. ஆனால் அனுமதி என்பது மாநிலத்துக்கே சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது. உங்கள் வீட்டுத் திண்ணையில் சர்க்கரையும் மூச்சிரைப்பும் உள்ள அப்புச்சி உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. கொரோனாவே இன்னொரு சுற்று வந்தாலும் சரி, வேறு ஏதாவது புதுக் காய்ச்சல் வந்தாலும் சரி, "மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பார்க்குக்குப் போலாமாப்பா?" என்று பிள்ளைகள் கேட்டால் பதிலை வீட்டுக்குள்தான் தேட வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, பார்க்குக்கு வராத ஆளிடம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வருகிறவர்களை மட்டும் எண்ணி, டிக்கெட் எத்தனை, வேனில் சீட் எத்தனை என்று கணக்குப் போட்டு முடித்த பிறகு அப்பத்தாவிடம் போய் நின்றால் அவர் என்ன சொல்வார்? "நான் எங்க சாமி வாறேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார். அது சம்மதம் இல்லை, பெருந்தன்மை. கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். "ஏனுங் அத்தை, நாங்க போயிட்டு வந்தா ஒரு வாரத்துக்குப் பையனை உங்க கட்டில்ல படுக்க விட முடியாதுங், சோறும் தனியாத்தான் போட்டுக் கொடுப்போம், உங்களுக்குச் சரிங்களா?" என்று மருமகள் நேராகக் கேட்டுப் பார்க்கட்டும். தினமும் ராத்திரி பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதென்ன, அடுத்த மாசம் போனா ஆகாதா" என்றால் அதுதான் அவருடைய உண்மையான பதில். அதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். "அட, நானும் சித்த நிம்மதியாப் படுத்துக்கறேன், கூட்டிட்டுப் போங்க" என்று சிரித்தால் அடுத்ததைப் பார்க்கலாம்.

ஏன் ஒரு வாரம் என்றால், கொரோனா உள்ளே நுழைந்து அறிகுறி காட்ட 2 முதல் 14 நாள் வரை ஆகலாம், ஒமிக்ரான் வகை மூன்று நாள் போலவே காட்டிவிட்டது. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவவும் ஆரம்பித்துவிடும். 14 நாளும் தள்ளி இருக்க முடிந்தால் நல்லது, ஆனால் ஒரே சமையலறை, ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமா என்று நீங்களே சொல்லுங்கள். நடக்காது என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுவதே நேர்மை.

அப்புறம் கூலிக் கணக்கு. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவருக்கோ, சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவருக்கோ காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தால் அந்தச் சனிக்கிழமை கையில் ஒன்றும் இருக்காது. டிக்கெட், வேன், சாப்பாடு என்று போடுகிற பட்ஜெட்டில் இந்த ஒரு வாரத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்த பிறகும் தாங்கும் என்றால் தாராளமாகப் போகலாம். பையனுக்கு அரைப் பரீட்சை, தங்கச்சிக்குச் சீர், ஊரில் மாரியம்மன் நோம்பி என்று ஏதாவது பத்து நாளுக்குள் இருந்தாலும் வேண்டாம். நோம்பிக்கு வருகிற ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் எல்லோருக்கும் காய்ச்சலைச் சேர்த்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

ஊரில் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவு சொன்னது: பரிசோதனை செய்கிற நூறு பேரில் தொற்று உள்ளவர்கள் ஐந்துக்கும் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு வாரம் இருக்க வேண்டும். நாடுகள் ஊரடங்கைத் தளர்த்துவதற்காகச் சொன்னது அது, வீட்டுக்கும் உதவும். மாவட்ட எண்ணிக்கை வெளியாகிற காலமாக இருந்தால் அதைப் பாருங்கள். வெளியாகாவிட்டால் மூன்று இடத்தில் விசாரித்தால் போதும்: தெருமுனை மருந்துக் கடை, பிள்ளைகளின் வகுப்பு டீச்சர், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். "இந்த வாரம் காய்ச்சலுக்கு லீவு எத்தனை பேருங்க டீச்சர்?" என்ற ஒரு கேள்வி டிவியை விடத் தெளிவாகச் சொல்லிவிடும். நம் ஊரோடு நிறுத்தாமல் பார்க் இருக்கிற ஊரையும் விசாரியுங்கள், ஏனென்றால் அங்கே கோவை, ஈரோடு, பாலக்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வந்து இறங்குகிறது.

இப்போது பார்க்குக்குள் என்ன ஆபத்து, எங்கே ஆபத்து என்று பார்ப்போம். பெரும்பாலானவர்கள் தண்ணீருக்குப் பயப்படுகிறார்கள், அது தேவையில்லாத பயம். சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரில் கொரோனா வைரஸ் நிற்காது. (மூக்கைத் துளைக்கிற அளவுக்குக் குளோரின் வாசம் வந்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு கலந்தால்தான் அந்த நெடி வரும்.) திறந்தவெளியில் நடப்பதும் பெரிய பயம் இல்லை. ஆபத்து இருப்பது உடை மாற்றுகிற அறையில். ஈரத் துணியோடு, நைலான் டிரெஸ்ஸைப் பிழிந்துகொண்டு, ஒரே நேரத்தில் நாலு குடும்பம் உள்ளே நிற்கும், ஜன்னல் என்று பார்த்தால் மேலே ஒரு அடி ஓட்டை இருக்கும், குழந்தைக்குத் தலை துவட்டுகிறவர் மாஸ்க்கை எப்போதோ கழற்றிப் பையில் போட்டிருப்பார். அடுத்தது மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு ஹால். அதற்கடுத்து மூடிய அறைக்குள் காட்டுகிற படம், பேய் வீடு மாதிரியானவை. பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் கிளம்புகிற ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் முன்பே உடை மாற்றிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

நனைந்த மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது, மூச்சையும் அடைக்கும். அதனால் தண்ணீரில் இறங்கும்போது கழற்றிவிட்டு, ஆளுக்கு இரண்டு காய்ந்த மாஸ்க்கை உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைக்கு மாஸ்க் தேவையில்லை என்றுதான் மத்திய சுகாதார அமைச்சகமும் சொன்னது. கத்துவது இன்னொரு விஷயம். கத்தினால் வாயிலிருந்து துளி அதிகம் தெறிக்கும் என்பதால் ஜப்பானில் 2020இல் ரோலர் கோஸ்டரில் கத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஃபியூஜி மலை பக்கம் உள்ள ஃபியூஜி-க்யூ பார்க்கின் அதிகாரிகள் இருவர் மாஸ்க்கோடு ஏறி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சுற்றி வந்து, "மனசுக்குள் கத்துங்கள்" என்று வீடியோவே போட்டார்கள். நம் பிள்ளைகளிடம் அது செல்லாது. ராட்டினம் ஏறி வாயை மூடிக்கொண்டு வருவதற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? கத்தட்டும், ஆனால் பக்கத்து சீட்டில் நம் வீட்டு ஆளே இருக்கட்டும்.

இதையெல்லாம் விட வேனைக் கவனியுங்கள். திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து எல்லோரும் கூடவே பாடினால், பார்க்கில் நாள் பூராவும் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதை வீண். இரண்டு குடும்பம் சேர்ந்து போவது மலிவுதான், ஆனால் அந்த இன்னொரு குடும்பத்தின் அப்பத்தாவிடமும் கேட்டீர்களா? கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். ஆடிக் காற்றுச் சமயத்தில் போக வேண்டாம், அந்தக் குளிரில் நனைந்து குழந்தைக்கு மூக்கு ஒழுகினால், அது எந்தச் சளி என்று தெரியாமல் வீடே கலங்கும்.

மனசு தயாரா என்பதைப் பேசித் தெரிந்துகொள்ள முடியாது, சின்னதாக ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாருங்கள். வார நாளில் வெள்ளனக் கிளம்பிக் கொடிவேரி அணைக்கோ திருமூர்த்தி மலைக்கோ போய் வாருங்கள். அங்கே பத்துப் பேர் பக்கத்தில் வந்து குளித்ததும் அம்மா பிள்ளைகளைக் கரைக்கு இழுத்தால், அப்பா எரிச்சலானால், அந்தக் குடும்பத்துக்குத் தீம் பார்க் இப்போதைக்கு வேண்டாம். ஊரடங்கு வருடங்களில் பிறந்து கூட்டமே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் சிலது சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுதன, அதற்கும் இந்த வெள்ளோட்டம்தான் மருந்து. ஒருத்தருக்கு இஷ்டமில்லை என்றால் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி பேசி வேனில் ஏற்றாதீர்கள். அவர் நாள் முழுக்கச் சானிடைசரோடு பின்னாலேயே வந்து, யாருக்கும் அந்த நாள் நாளாக இருக்காது.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குவதானால் தேதி மாற்றலாமா, பணம் திரும்ப வருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காகவே லேசான காய்ச்சலோடு குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிற கொடுமை நடக்கிறது. கிளம்புகிற காலையில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் பயணம் இல்லை, இதை முதல் நாள் இரவே பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிட்டால் அழுகை பாதியாகக் குறையும்.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கொரோனா பரிசோதனைக் கிட் வாங்கி வீட்டிலேயே பார்க்கலாம், இல்லை என்று காட்டினாலும் ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள், ஆரம்பத்தில் அது ஏமாற்றும். கூட வந்த எல்லோருக்கும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வேன் டிரைவருக்கும் ஒரு போன் போடுங்கள், மறுநாள் அவர் வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழனிக்குக் கிளம்புவார்.