காயலான் கடை ஸ்டீரியோ: பழைய செட் வாங்கும்போது செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நான் கொண்டுவந்த முதல் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. ஸ்விட்ச் போட்டதும் முகப்பு விளக்கெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி பளீரென்று எரிந்தது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். அப்புறம் வார்னிஷ் கருகிய வாடை. அம்மா அடுப்படியிலிருந்து, “எதைடா கொளுத்துற?” என்று ஓடிவந்தார். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது 100 வோல்ட் செட், ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்தது. நம் வீட்டு பிளக்கில் வருவது 230.

துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் இந்தத் தவறு வடசென்னைக்காரர்களுக்கு எளிதில் நேரும். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் 1969-ல் கடை போட்ட, வெளிநாட்டுச் சாமான் விற்கும் பர்மா பஜார் நமக்குப் பக்கம்தான். கப்பலில் வேலை பார்த்தவர், வளைகுடாவிலிருந்து வந்தவர் வீட்டுச் சாமான்கள் கடைசியில் காயலான் கடைக்குத்தான் வருகின்றன. அதனால் விலை கேட்கும் முன் பெட்டியைத் திருப்புங்கள். 220, 230, 240 என்று ஏதாவது இருந்தால் சரி. சிலவற்றில் 110, 127, 220, 240 என்று மாற்றிக்கொள்ள ஒரு திருகு இருக்கும். அது எதில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். 100 அல்லது 120 மட்டும் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரெக்கார்ட் பிளேயரில் இன்னொரு வம்பு உண்டு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற சைக்கிள் கணக்கை மாற்றாது. அமெரிக்காவின் 60 சைக்கிளுக்கென்றே செய்த ஏசி மோட்டார் நம் 50-ல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். நிமிஷத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டு 28-ஐக்கூடத் தொடாது. பாடகி தூக்கக் கலக்கத்தில் பாடுவது போலிருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு, ஆனால் அதில் புகை வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. எல்லாரும் ஆம்ப்ளிஃபயரை முதலில் வாங்குகிறார்கள். பட்டனும் ஆடுகிற முள்ளும் இருந்தால் மனசு மயங்கிவிடுகிறது. மிச்சக் காசில் கிடைக்கிற ஏதோ ஒரு ஸ்பீக்கர் பாக்ஸைக் கோத்துவிடுகிறார்கள். நான் தலைகீழாகத்தான் செய்யச் சொல்வேன். கையில் 4,000 ரூபாய் இருந்தால் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். நல்ல ஜோடி கிடைத்தபின், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு சின்ன ஆம்ப் போர்டு வாங்கினாலும் பாட்டு பாட்டாக இருக்கும். மட்டமான பாக்ஸை எந்த ஆம்ப்பும் காப்பாற்றாது.

அந்த ஸ்பீக்கரைச் சோதிக்கத்தான் நேரம் எடுக்க வேண்டும். முன்பக்கத் துணியை, கழற்ற வருமென்றால், கழற்றுங்கள். அடிச்சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரின் கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பராகவோ துணியாகவோ இருந்தால் நிம்மதி. ஃபோம் என்றால் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பதினைந்து, இருபது வருஷத்தில் அது பழைய ரஸ்க் மாதிரி உதிரும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். ஃபோம் மாற்ற முடியும், ஆனால் கூலியைச் சேர்த்தால் மலிவு என்பது மறைந்துபோகும். அடுத்து இரண்டு கை விரல்களையும் விரித்துக் கோனைச் சமமாக உள்ளே அழுத்துங்கள். வெண்ணெயில் போவது போலப் போய்த் திரும்ப வேண்டும். ‘சர்’ரென்று உரசினால் உள்ளே கோனை ஆட்டும் கம்பிச் சுருள் (காயில்) கருகியோ சாய்ந்தோ இருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். நடுவில் இருக்கும் மூடி நசுங்கியிருந்தால் மட்டும் கவலை வேண்டாம், அது முகத் தழும்பு மாதிரிதான்.

பையில் ஒரு சின்ன பேட்டரியும் இரண்டு துண்டு வயரும் இருக்கட்டும். 1.5 வோல்ட் செல் போதும், 9 வோல்ட் வேண்டாம். பின்பக்க முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் ‘டொக்’ என்று கேட்க வேண்டும். ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால், அடிச்சத்தத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால் அதிலிருந்து சன்னமாக ஒரு ‘டிக்’ மட்டும் வரும். அது செத்துவிட்டது என்று நினைத்து நல்ல பாக்ஸை வேண்டாமென்று விட்டவர்கள் உண்டு. மல்டிமீட்டர் வைத்து மின்தடையை (ஓம்) அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம்தான் காட்டும், 4 ஓம் 3-க்கு மேல் கொஞ்சம் காட்டும். அது பழுதல்ல, இயல்பு.

பெட்டியின் மரத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாக்ஸ்கள் மரத்தூள் பலகையில் செய்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கம் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நனைந்த சாமான் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி விற்பனைக்கு வரும். பெட்டியின் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள், ஊறிய பலகை உப்பியிருக்கும். காற்று போகும் ஓட்டையில் மூக்கை வையுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். சகதி வாடை அடித்தால் அந்த ஜோடி வேண்டாம்.

வாட்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகப்பில் ‘1500 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று, ஒரு கண உச்சத்தைச் சொல்லும் விளம்பரக் கணக்கு தங்க எழுத்தில் இருக்கும். பின்பக்கம் மின்சாரச் செலவு 40 வாட் என்று போட்டிருக்கும். நாற்பது தின்கிற பெட்டி எப்படி ஆயிரத்தைந்நூறு கக்கும்? ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்ட கணக்கைத்தான் நம்பலாம். பத்துக்குப் பத்து அறையில் சாதாரணமாகக் கேட்க ஓரிரு வாட்டே போதும். சத்தம் 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் ஆம்ப் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். ஒரு வாட்டுக்கு 84 டெசிபெல் என்று போட்ட ஸ்பீக்கர் தருகிற சத்தத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கர் நாலில் ஒரு பங்கு வாட்டில் தந்துவிடும். ஸ்பீக்கர்தான் முதலில் என்று நான் பிடிவாதம் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

நம் ஏரியாவுக்கே உரிய சபலம் ஒன்று, மைக் செட் சாமான். திருவிழா, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்த ஆம்ப் மலிவாக வரும், கல்லு மாதிரி உழைக்கும். ஆனால் பெரும்பாலும் மோனோ (ஒரே சேனல்), பேச்சுக்கென்றே செய்தது. அதன் பின்னால் தூரத்து ஹாரன்களுக்கு நீள வயரில் அனுப்புவதற்காக, 70 வோல்ட், 100 வோல்ட் லைன் என்று எழுதிய முனைகள் இருக்கும். வீட்டு 8 ஓம் பாக்ஸை அதில் மாட்டினால் காயில் போய்விடும். அதே மாதிரி, டிவிடியோடு வந்த 5.1 ஹோம் தியேட்டரின் குட்டி பாக்ஸ்களைத் தனியாக வாங்காதீர்கள். பலவற்றின் பிளக்கும் ஓமும் அந்தந்த செட்டுக்கு மட்டுமே பொருந்தும், சப்-ஊஃபர் இல்லாமல் அவற்றில் அடிச்சத்தமே வராது. ஓம் என்றதும் ஞாபகம் வருகிறது, நாலு பாக்ஸ் இருக்கிறதே என்று இரண்டு 4 ஓமை ஒரே முனையில் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். வீட்டு ஆம்ப் சூடாகித் திணறும்.

ஆம்ப் வாங்கும்போது இரண்டு பக்கமும் தவறு செய்கிறோம். வால்யூமைத் திருப்பினால் கரகரவென்றால் பயந்து ஓடுகிறோம். அது பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து முப்பது தடவை திருப்பினால் போய்விடும். விலையைக் குறைக்க நல்ல சாக்கு. ஆனால் வால்யூம் பூஜ்ஜியத்தில் இருக்கும்போதே ‘ம்ம்ம்’ என்று உறுமினால் பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம், அங்கேதான் யோசிக்க வேண்டும். சத்தத்தைப் பெருக்கும் எஸ்டிகே ஐசி போன செட்டை ‘ஐசி மாத்தினா ஓடும்’ என்று சொல்லி விற்பார்கள். ஒரிஜினல் கிடைப்பது குதிரைக் கொம்பு, மார்க்கெட்டில் போலி நிறைய.

வீட்டுக்கு வந்ததும் நேரே சொருகாமல், தெரிந்த எலக்ட்ரீசியனிடம் சீரிஸ் பல்பு போட்டு, அதாவது கரண்ட் ஒரு பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி இணைத்து, பார்க்கச் சொல்லுங்கள். பழைய 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்ஈடி உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். அன்று எனக்கு அந்த பல்பு ஒன்று இருந்திருந்தால் டிரான்ஸ்பார்மர் பிழைத்திருக்கும். அப்புறம், பாக்ஸ் மாட்டும் முன் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம். ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் ஊஃபரைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள். மூடியைத் திறந்து நீங்களே கை வைக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கும் மேக்னெடிக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்பின் ஆக்ஸ் என்ற சாதாரண முனையில் மாட்டி ‘சத்தமே வரலை’ என்று திட்டுவதில் பயனில்லை, அதைப் பெருக்கித் தரும் ஃபோனோ முனை வேண்டும். கேசட் டெக்கில் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். இவை இரண்டையும் முதல் செட்டில் சேர்க்காதீர்கள். போனிலிருந்து ஒரு ஆக்ஸ் வயர் போதும்.

வயருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் 40/76 என்று கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு அது தாராளம். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். சிவப்பு, கறுப்பை ஒரு பக்கம் மட்டும் மாற்றி மாட்டினால் ஸ்பீக்கர் கெடாது. ஆனால் அடிச்சத்தம் காணாமல் போய், பாடுகிறவர் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரே ஒரு பாக்ஸின் வயரை மாற்றிப் பாருங்கள், எதில் அடிச்சத்தம் கூடுகிறதோ அதுவே சரி.

இவ்வளவும் செய்துவிட்டு ஸ்பீக்கரைப் பீரோ மேல் ஏற்றுகிறவர்களை என்ன செய்வது? ஹவுசிங் போர்டு வீட்டில் வேறு இடம் ஏது என்பார்கள், நியாயம்தான். மூலையோடு ஒட்டினால் அடிச்சத்தம் கும்மென்று வீங்கும், பாட்டு வார்த்தை புரியாது, பக்கத்து வீட்டுச் சுவரும் அதிரும். இரண்டு மர ஸ்டூல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காதுக்கு நேராக. என் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்டூல் அடுப்படிக்குப் போய்விடும். சாப்பிட்டு முடித்ததும் பழைய இடத்தில் வைக்க, தரையில் சாக்பீஸால் நாலு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.