பனி மூடிய ஃபாரெஸ்டர் கணவாயைக் கடப்பது எப்படி?

அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,265 கிலோமீட்டர் நீளும் நடைபாதை பசிபிக் கிரெஸ்ட் டிரெயில். அதன் மிக உயரமான இடம் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள ஃபாரெஸ்டர் கணவாய். உயரம் சுமார் 4,009 மீட்டர். தெற்கிலிருந்து நடந்து வருபவர்கள் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ இங்கே வந்து சேர்வார்கள். அப்போதும் பனி கிடக்கும். அது காலையில் கல்லாக இறுகி, மதியத்தில் இளகிவிடும். அதனால் இங்கே எல்லாத் திட்டத்தையும் நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

படி 1: கருவிகள். காலணியில் மாட்டும் இரும்புப் பற்களான மைக்ரோஸ்பைக்ஸ், சறுக்கினால் நிறுத்திக்கொள்ளக் கையில் ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன். பனியில் பட்டு வெயில் கீழிருந்தும் அடிக்கும்; மூக்குக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். கரடி திறக்க முடியாத உணவு டப்பாவும் வேண்டும்.

படி 2: ஐஸ் ஆக்ஸ் பழக்கம். இதற்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வாங்கிப் பையில் மாட்டிக்கொண்டால் போதாது. கீழே பாறை இல்லாத, சமதளத்தில் முடியும் சிறிய சரிவாகப் பார்த்து, வேண்டுமென்றே சறுக்குங்கள். ஒரு கை ஆக்ஸின் தலையில், மறு கை பிடியின் அடியில். உடனே குப்புறப் புரண்டு, தலையிலுள்ள கூர்முனையைத் தோளுக்குப் பக்கத்தில் பனியில் குத்தி, நெஞ்சின் எடையை அதன்மேல் போடுங்கள். ஸ்பைக்ஸ் போட்டிருந்தால் பாதங்களைத் தூக்கிக்கொள்ளுங்கள்; பற்கள் பனியில் மாட்டினால் ஆளையே புரட்டிவிடும். யோசிக்காமல் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

படி 3: முந்தின இரவு. டிண்டால் ஓடை அருகே தங்கலாம். அங்கிருந்து உச்சி சுமார் 8 கிலோமீட்டர். தண்ணீர் ஃபில்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். உறைந்துவிட்டால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது.

படி 4: ஏற்றம். விடியுமுன்பே ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் கிளம்புங்கள். ஆக்ஸ் எப்போதும் மேட்டுப்பக்கக் கையில். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பனி நிறைந்த ஒரு குறுகிய செங்குத்துப் பிளவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். தூரம் குறைவுதான், ஆனால் வழுக்கினால் நேரே கீழேதான். ஒவ்வொருவராகப் போங்கள். முன்னால் போனவர்களின் காலடித் தடத்திலேயே மிதியுங்கள். நடுவில் நின்று படம் எடுக்க வேண்டாம். தடம் சரியில்லை, மேகம் திரள்கிறது என்றால் திரும்பிவிடுங்கள். கணவாய் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

படி 5: இறக்கம். வடக்குப் பக்கம் இறங்கும்போது வெயில் ஏறி, பனி இளகத் தொடங்கும். தொடைவரை கால் புதையும். பாறை ஓரத்துப் பனிக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், தள்ளியே நடங்கள். உட்கார்ந்து சறுக்கி இறங்குவதாக இருந்தால் முதலில் ஸ்பைக்ஸைக் கழற்றிவிடுங்கள்.

படி 6: ஓடைகள். பகலெல்லாம் உருகிய பனி மாலையில் வெள்ளமாக வரும். பெரிய ஓடையைச் சாயங்காலம் பார்த்தால் இக்கரையிலேயே தங்கி, நீர் குறைந்திருக்கும் விடியற்காலையில் கடங்கள். இறங்குமுன் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டுத் தப்பலாம்.

அப்புறம் சாப்பாடு. உணவு வாங்கப் பலரும் பாதையிலிருந்து விலகி, கியர்சார்ஜ் கணவாய் வழியாக, சாலை வந்து முடியும் ஆனியன் வேலி (Onion Valley) என்ற இடத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஊருக்குப் போவார்கள். அந்தக் கணவாயிலும் பனி இருக்கும். பனியில் வழக்கமான வேகம் வராது என்பதால், கணக்குப் போட்டதைவிட இரண்டு நாள் உணவு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.