வீட்டிலேயே ஒரு நாள் ஜென் தியானம்

வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தியானத்தில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். குரு இல்லாமல் தனியாக ஒரு நாள் ஜென் (ஜப்பானிய பௌத்த மரபு) தியானம் இருக்க நினைப்பவர்கள் விடியற்காலை 4:30-க்கே மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். மதியத்தைக் கஞ்சிக்கும் வீடு பெருக்கவும் ஒதுக்குங்கள். ஜென்னில் வேலையும் பயிற்சிதான்.

25 நிமிடம் அமர்வு (ஸாஸென்), 5 நிமிடம் மெதுநடை (கின்ஹின்). நடையை விட்டுவிடாதீர்கள், மரத்துப்போன கால் அதில்தான் சரியாகும். கண்ணை முழுக்க மூட வேண்டாம். பாதி திறந்து, மூன்றடி தள்ளித் தரையில் பார்வை. மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள், தவறினால் மறுபடி ஒன்று. எனக்கு நான்கைத் தாண்டுவதே பெரும்பாடு.

தலையணையை மடித்து அதன் முன்பாதியில் உட்கார்ந்தால் இரண்டு முட்டியும் பாயில் படியும், முதுகு தானாக நிமிரும். முட்டி வலி இருந்தால் நாற்காலியே போதும்.

முக்கியமானது நேர அட்டவணை. மணி அடிக்க ஆள் இல்லாததால் மனசு, ‘இன்னொரு காபி குடிக்கலாமே’ என்று பேரம் பேசும். முந்தின இரவே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். செல்போனை வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, பழைய அலாரம் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.